கறுப்பு வாங்காதவன்

திருநள்ளாற்றில் கறுப்புத் துணி விற்கிற கடையில் பிறந்து வளர்ந்தவன், ஓவியக் கல்லூரியில் படித்து முடிக்கிறவரைக்கும் ஒரு கறுப்பு ட்யூப்கூட வாங்கவில்லை. அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இதுதான் முதலில் வருகிறது. பெயர் சொல்லப் போவதில்லை. காரைக்கால் சின்ன ஊர். இங்கே யாரைப் பற்றிப் பேசினாலும் கேட்கிறவருக்கு அவர் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவராக இருப்பார். அதோடு, நான் எழுதுகிறதை எல்லாம் என் கணவர் படிப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் புதுச்சேரியில் ஒரே வகுப்பு. கடைசி வருடம் தைலவண்ணத்தில், அதாவது ஆயில் பெயின்டிங்கில், மேல்வகுப்பு. பானை, பழம், மடித்த துணி வரைகிறதெல்லாம் முந்தின வருடங்களோடு முடிந்துவிட்டது. இனி மனிதர்கள் மட்டும்தான். வகுப்பு தொடங்கிய அன்று சார் எல்லாருடைய வண்ணப் பெட்டியையும் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவன் பெட்டியின் முன்னால் நின்றார்.

“கறுப்பு எங்கப்பா?”

“எங்க வீட்டுல நெறைய இருக்கு சார்.”

வகுப்பே சிரித்தது. சார் கோபப்பட்டுப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர்கள் கடை கோயில் குளத்துக்குப் போகிற வழியில் இருந்தது. சனிக்குப் பரிகாரம் செய்ய வருகிறவர்கள் வாங்கிப் போகிற கறுப்புத் துணி, எள் முடிச்சு, நல்லெண்ணெய், அகல் விளக்கு, இவைதான் வியாபாரம். சனிக்கிழமைக் கூட்டத்தை அண்ணன் தனியாகச் சமாளிக்க முடியாது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலமே இவன் பஸ் ஏறிவிடுவான். நான் காரைக்கால்மேடு. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். வாராவாரம் ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்துபோய்த்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது.

“சின்னப் புள்ளையில கடையில துணிக்கட்டு மேலதான் என்னைய தூங்கப் போடுவாங்க,” என்பான். “கண்ணு முழிச்சா கறுப்பு. பாத்துப் பாத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கறுப்புன்னு ஒண்ணு கிடையாது. ஒரு கட்டுல நீலம் ஒளிஞ்சிருக்கும், ஒரு கட்டுல செவப்பு. வெயில்ல கொஞ்ச நாள் தொங்குனா பச்சை வெளிய வந்துரும். நீங்கள்லாம் பாக்குறதுக்கு முன்னாடியே கறுப்புன்னு சொல்லி முடிச்சிடுறீங்க.”

இருட்டான இடம் வரைய வேண்டுமென்றால் அடர்ந்த நீலத்தையும் காப்பித்தூள் பழுப்பையும் குழைப்பான். பார்த்தால் கறுப்பு மாதிரியே இருக்கும். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் உள்ளே ஏதோ அசையும். ட்யூபில் வருகிற கறுப்பை அவன் செத்த கலர் என்றுதான் சொல்லுவான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. அடுத்தவர் வண்ணத்தட்டில் கறுப்பைப் பார்த்தால் அவனுக்குக் கை நிற்காது. பேசிக்கொண்டே வந்து கத்தியால் வழித்து எடுத்துப் பழைய செய்தித்தாளில் தேய்த்துவிட்டுப் போய்விடுவான். பக்கத்து இலையிலிருந்து அப்பளத்தை எடுக்கிற மாதிரிதான். இதற்காக அவன் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. கடலூர்க்காரன் ஒருவன் சட்டையைப் பிடித்தே விட்டான்.

பஸ்ஸிலும் இதே கதை. ஒருநாள் சிதம்பரத்தில் ஏறிய ஒரு கொத்தனார் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். நல்ல கறுப்பு மனிதர், வேலை முடிந்து களைத்திருந்தார். இவன் அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான். கொள்ளிடம் பாலம் தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு உறுத்தியிருக்கும் போலிருக்கிறது, திரும்பினார்.

“என்ன தம்பி, அப்புடிப் பாக்குற?”

“உங்க கழுத்துல ஊதா இருக்குண்ணே. காதுக்குக் கீழ.”

அவர் அவசரமாகத் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு, “போயிருச்சா?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சீர்காழி வரைக்கும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த ஊதா எங்கே வந்து எங்கே முடிகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். யாரை வேண்டுமானாலும் அப்படிப் பார்ப்பான். டிக்கெட் கொடுக்கிற கண்டக்டரின் முழங்கை, தரங்கம்பாடியில் கடலை விற்கிற பெண்ணின் நெற்றி, குளத்தில் கிடக்கிற எருமை. எருமையைப் பார்க்கிற அதே பார்வைதான் எல்லாருக்கும். அதுதான் பின்னால் எனக்குப் பெரிய பிரச்சினையாக ஆனது.

நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்லி யாரும் தேற்ற முடியாத கறுப்பு. அம்மாவும் கறுப்புதான், ஆனால் அந்த நிறம் தன்னோடு நின்றுவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை எல்லாம் என் முகத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன. பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டாரும் தரகரிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லி அனுப்பினார்கள். “பொண்ணு லட்சணமா இருக்கு, கலருதான் கொஞ்சம்...” கொஞ்சம் என்னவென்று யாரும் முடிக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வகுப்பில் ஆளுக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்து, தன் முகத்தைத் தானே வரையச் சொன்னார்கள். முடித்து, எல்லாருடைய படத்தையும் சுவரோரமாக வரிசையில் சாய்த்து வைத்தோம். அப்போதுதான் தெரிந்தது. அவனைத் தவிர வகுப்பில் அத்தனை பேரும் எங்களை நாங்களே வெளுத்து வைத்திருந்தோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தோம். கை தானாகப் போய் வெள்ளையைத் தொட்டிருக்கிறது. சட்டையைப் பிடித்த கடலூர்க்காரன் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தான். சார் டீ குடிக்கப் போய்விட்டார்.

அவன் என் படத்தின் முன்னால் வந்து நின்றான்.

“இது யாரு, உன் சித்தி பொண்ணா?”

எனக்கு வந்த கோபத்தில் டர்பன்டைனில் ஊறிய துணியை அவன்மேல் எறிந்தேன். சட்டையில் பட்டது. அவன் அதை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, என் முக்காலியில் உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் என் தட்டில் குழைக்க ஆரம்பித்தான். பழுப்பு, அதில் கொஞ்சம் செம்மை, அதில் பச்சை. பச்சையா என்று நான் பதறினேன். கத்தி முனையில் அதை எடுத்து என் கன்னத்துக்குப் பக்கத்தில், படாமல், பிடித்தான். இன்னொரு கையால் கண்ணாடியைத் தூக்கினான்.

“இப்பப் பாரு. எது கத்தி, எது நீ?”

தெரியவில்லை. கத்தியில் இருந்ததும் கன்னத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. அதில் பச்சை இருந்தது, செம்பு இருந்தது, தாடையோரம் ஒரு நீலம் இருந்தது. பிறந்ததிலிருந்து நான் மறைத்துக்கொண்டு திரிந்த முகம் அது. அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போனது, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

“கடைசி வருஷப் படத்துக்கு நீ உக்காரு. உன்னைத்தான் வரையணும்.”

“ஏன், நான் எதுக்கு?”

“உன் கலரு கஷ்டம்.”

மற்ற பெண்களிடம் பையன்கள் அழகு என்பார்கள். எனக்கு வாய்த்தவன் கஷ்டம் என்றான். அதற்கும் உடனே சரி என்று தலையாட்டினேன்.

செமஸ்டர் லீவில் திருநள்ளாற்றுக் கடை மாடியில் உட்கார்ந்தேன். துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு வடக்கு ஜன்னல். துணைக்கு அவன் அண்ணி. அண்ணி இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அம்மா என்னை அனுப்பினாள். அண்ணி கீழே உட்கார்ந்து எள்ளைத் துணியில் வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நல்ல வாய். அவன் வேலை செய்யும்போது பேசவே மாட்டான். இடையிடையே தனக்குத்தானே எதையாவது முணுமுணுப்பான். “கழுத்துல பச்சை ஜாஸ்தி.” “மூக்கு ஓரம் செவப்பு.” நான் அசையாமல் உட்கார்ந்து அடுத்த வார்த்தைக்குக் காத்திருப்பேன். அடுத்த வார்த்தையும் ஏதாவது ஒரு கலராகத்தான் இருக்கும்.

அண்ணிக்கே ஒருநாள் பொறுக்கவில்லை.

“ஏம்ப்பா, அந்தப் புள்ள கால் மரத்துப்போயி உக்காந்திருக்கு. அழகா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒன் வாயி கொறஞ்சா போவும்?”

“அண்ணி, வெளிச்சத்த மறைக்காதீங்க.”

அண்ணி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

தைலவண்ணம் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. முதல் பூச்சு மெல்லிசாகப் போட வேண்டும், அது காய்ந்தால்தான் அடுத்தது, மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும். அவசரப்பட்டால் பின்னால் வெடிக்கும். அதுவோ கார்த்திகை மழை. கடற்காற்றில் உப்பும் ஈரமுமாக ஒன்றும் காயவில்லை. காலையில் நான் போனதும் அவன் படத்தின் ஓரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பான். “இன்னும் காயல. நாளான்னிக்கு வா.” நான் முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டு இறங்கி வருவேன். வருகிற வழியில் கோயில். எல்லாரும் அங்கே வந்து சனீஸ்வரனிடம், விட்டுவிலகு சாமி என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் படம் காயக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மார்கழி பிறக்கும்வரை பலித்தது.

படம் கல்லூரிக் கண்காட்சியில் மாட்டப்பட்டது. அம்மாவும் அப்பாவும் புதுச்சேரிக்கு வந்தார்கள். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, “அப்புடியே இருக்கு,” என்று சொல்லி வெளியே காற்றாட நின்றுகொண்டார். அம்மா நகரவில்லை. அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கலரா போட்டிருக்கக்கூடாதா? கல்யாணம் பண்ற புள்ள, நாலு பேரு பாக்குறது.”

“இதவிடக் கலரா எப்படிங்கம்மா போடுறது? பெட்டியில இருந்த அத்தனை கலரும் இதுல இருக்கு,” என்றான். கேலியாக இல்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னான். “உங்ககிட்டேருந்து வந்த கலருதாங்கம்மா. உங்க கையப் பாருங்க.”

அம்மா தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

இவ்வளவு நல்லவனோடு எனக்கு என்ன சண்டை என்று கேட்பீர்கள். அந்தக் கண்காட்சிக்கு ஒரு பெரியவர் வந்தார். காரைக்காலில் பிறந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை, பிள்ளைகளோடு பிரான்சில் இருக்கிறார், ஊருக்கு வந்திருந்தார். என் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் போனபோது சுவரில் ஆணிதான் இருந்தது. அவர் கேட்டார், இவன் கொடுத்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“என்னைய வித்துட்டியா?”

“படத்தத்தானே கொடுத்தேன்.”

மாடியில் உட்கார்ந்த அத்தனை நாளும் நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. “நீ இத்தனை நாளா பாத்தது என்னையவா, என் கலரையவா?”

அவன் தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

“ரெண்டும் வேற வேறயா?” என்றான்.

இன்றைக்கு அந்தப் பதிலை வேறு மாதிரி எடுத்துக்கொள்வேனோ என்னவோ. அன்றைக்கு எனக்கு அது மழுப்பலாகத்தான் கேட்டது. கொத்தனார் கழுத்து, எருமை முதுகு, கடைசியில் நான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அடுத்து நாகப்பட்டினத்திலிருந்து வந்த வரனுக்குச் சரி என்றேன். கோபத்தில் சொன்ன சரிதான். ஆனால் வந்தவர் நல்லவராக அமைந்துவிட்டார். ஐஸ் கம்பெனியில் மேனேஜர். என் நிறத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நல்லதாகவும் சொன்னதில்லை.

அவன் இப்போது ஹைதராபாத் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. சினிமாவுக்குப் பின்னணித் திரை வரைகிறான் என்று ஒருவர் சொன்னார், கட்டடத்துக்குப் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்கிறான் என்று இன்னொருவர். அண்ணியைக் கடைத்தெருவில் பார்த்தால் கேட்பேன். “எப்பவாச்சும் போன் பண்ணுவாம்மா. வரையிறியாடான்னு கேட்டா சிரிக்கிறான்,” என்பார்கள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பிள்ளைகள் தேய்ந்துபோன இளஞ்சிவப்பு கிரேயானை நீட்டி, “மிஸ், ஸ்கின் கலர் தீந்துபோச்சு,” என்கிறார்கள். அப்போதெல்லாம் அவன் வந்து நிற்க மாட்டானா என்று இருக்கும். அவனோடு வாழ்ந்திருக்கலாம் என்ற நினைப்பு இல்லை. பொய் எதற்கு, அந்த நினைப்பும் சில நாள் வரும். ஆனால் அதைவிட, இன்னொரு தடவை என்னை யாராவது அந்த மாதிரி உற்றுப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அதிகம். இத்தனை வருடத்தில் வேறு யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

என் கல்யாணம் காரைக்காலில் நடந்தது. பியூட்டிஷியன் பெண் என்னை உட்காரவைத்து, “கவலையே படாதீங்கக்கா, ரெண்டு ஷேடு தூக்கிடலாம்,” என்றாள். அம்மா பக்கத்திலிருந்து, “மூணா தூக்கும்மா,” என்றாள். முகம், கழுத்து, தோள் என்று பூசிக்கொண்டே வந்து, மருதாணி கெட்டுவிடும் என்று முழங்கையோடு நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் யாரோ ஒரு வெளிர் பெண் இருந்தாள். எல்லாரும் அவளை அழகு என்றார்கள்.

வரவேற்பில் வரிசையில் அண்ணியோடு அவனும் வந்தான். நான் அழைத்திருக்கவில்லை, அண்ணிக்குத்தான் பத்திரிகை போயிருந்தது. மேடை ஏறி வந்து மணப்பெண்ணைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். தெரியாதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. பிறகு அவன் கண் என்னைத் தாண்டிப்போய், பக்கத்தில், பின்னால், தோழிகள் நடுவில் எல்லாம் தேடியது. யாரைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. பரிசுப் பொட்டலத்தை நீட்டினான். வாங்கக் கையை நீட்டினேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். போட்டோக்காரர், “அண்ணே, இங்க பாருங்க, கேமராவப் பாருங்க,” என்று இரண்டு தடவை சொன்னார். ஃப்ளாஷ் அடித்தது. அவன் இறங்கிப் போனான். பந்தியில் அண்ணி மட்டும்தான் உட்கார்ந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் அடுத்து வந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆல்பம் வந்த அன்று என் கணவர் பக்கம் பக்கமாகத் திருப்பி, யார் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவன் இருந்த படத்தில் நிறுத்தினார்.

“இது யாரு?”

“எங்கூடப் படிச்சவரு.”

“எல்லாரும் கேமராவப் பாக்குறாங்க, இவரு மட்டும் குனிஞ்சுகிட்டு நிக்கிறாரே. கீழ ஏதும் விழுந்துருச்சா?”

நான் குனிந்து பார்த்தேன். மேடை விளக்கு எல்லாவற்றையும் வெள்ளையாக அடித்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பச்சை, நீலம், செம்பு எதுவும் யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை. பூச்சு நின்ற இடத்துக்குக் கீழே என் கை மட்டும் இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

“எதத்தான் பாக்குறாரு?” என்றார் மறுபடி.

“என்னைத்தாங்க பாக்குறாரு,” என்றேன்.